நான்கும் ஒரே அளவா?



மலைப்பங்கில் இருந்தபோது ஜீப்பின் நான்கு டயர்களும் தேய்ந்துபோயின. சிக்கனம் பார்த்து முன்னிரண்டை மட்டும் மாற்றினேன். ஒருநாள் சேற்றைக் கடந்தபின் நான்கு சக்கர இழுவையை எடுக்க மறந்து, காய்ந்த தார்ச்சாலையில் ஏறினேன். வண்டி இறுகியது, கியர்க்கம்பி அசையவில்லை.

மெக்கானிக் விளக்கினார்: "புது டயர் குறுக்களவு 70 சென்டிமீட்டர், பழசு 68.5. கிலோமீட்டருக்குச் சின்னது 10 சுற்று கூடுதலாச் சுத்தணும், சாமி. ஆனா உள்ளே முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டியிருக்கு. சேத்துல வழுக்கிச் சரியாயிடும், தார்ல வழுக்காது. அடி பல்சக்கரத்துக்குத்தான்."

நான்கு டயர்களும் உழைத்தன. அடிபட்டதோ நடுவில் இருந்தது. பெற்றோர் ஆளுக்கோர் அளவில் இழுக்கும் வீட்டில், நடுவில் பேசாமல் தாங்குவது பிள்ளை. இன்றிரவு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.