தென்படாததையும் கணக்கில் சேருங்கள்

வானியல் ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. "அவங்களுக்கே கணக்கு சொல்லித் தரணுமா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. புள்ளியியலின் அடிப்படைகளில் ஒன்றான மீச்சிறு வர்க்க முறையைக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805-இல் முதன்முதலாக அச்சிட்டதே வால்நட்சத்திரங்களின் பாதையைப் பற்றிய நூலில், பின்னிணைப்பாகத்தான். பிறகு இரண்டு துறைகளும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. இன்று இயற்பியல் மாணவர் பலருக்கு ஆய்வகத்தில் பிழைக் கணக்குப் போட்டதோடு புள்ளியியல் முடிந்துவிடுகிறது.

ஒரு மாணவி என்னிடம் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்தாள். எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் பார்த்த முப்பது குவாசார்கள், அதாவது தொலைதூரத்து வான்பொருள்கள். பதினெட்டு தெரிந்தன; மற்ற பன்னிரண்டின் இடத்தில் ஒன்றுமே தென்படவில்லை. "அந்தப் பன்னிரண்டையும் எடுத்துட்டேன் மேடம். சராசரி நல்லா வந்திருக்கு!"

வராமல் என்ன செய்யும்? மங்கலானவற்றையெல்லாம் தள்ளிவிட்டால் சராசரி ஏறத்தானே வேண்டும்! "அப்படின்னா பூஜ்யம் போட்டுடட்டுமா?" என்றாள். அதுவும் பொய்தான். 'இருந்தால் இந்த அளவுக்குக் கீழேதான்' என்று கருவி சொல்லியிருக்கிறது. மேல் வரம்பு என்கிறோம். அதுவும் தரவு.

இதற்கு மருந்து ஆஸ்பத்திரியில் இருந்தது. சும்மா சொல்லவில்லை, கேளுங்கள். மருத்துவ ஆய்வு முடியும்போதும் சில நோயாளிகள் உயிரோடு இருப்பார்கள். அப்படி ஒருவர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்ந்தார் என்று தெரியும். எவ்வளவு மேல் என்று தெரியாது. 1958-இல் காப்லனும் மேயரும் வகுத்த முறையில், அவருடைய பங்கு அவரைவிட நீண்ட காலம் கண்காணிக்கப்பட்டவர்களுக்குச் சமமாகப் பிரிந்து போகும். யாரும் பட்டியலை விட்டு வெளியேறுவதில்லை.

இந்த வகை முறைகளை 1985-இல் ஃபைகல்சனும் நெல்சனும் வானியலாளர்களுக்கு எடுத்துச் சொன்னார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஆஸ்பத்திரியில் 'இதற்கு மேல்'. வானத்தில் 'இதற்குக் கீழ்'. என்ன செய்வது? எல்லா எண்களையும் ஒரு பெரிய எண்ணிலிருந்து கழித்துவிட்டால் போதும். திசை திரும்பிவிடும்! வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்ளும். என் மாணவி பலகையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

இவ்வளவுதான் இல்லை. நோயாளி ஊர் மாறிப் போனதால் வராமல் நின்றால் கணக்கு சரியாக வரும். நோய் முற்றியதால் நின்றால் வராது. அதேபோல, அடுத்தவருக்குத் தொலைநோக்கியைக் கொடுக்க வேண்டியிருந்ததால் பார்ப்பதை நிறுத்தினீர்களா, மங்கலாக இருக்கிறதே என்று பாதியில் கைவிட்டீர்களா? இதைக் கணினி உங்களிடம் கேட்காது. மாணவர்களை நான் அதிகம் நச்சரிப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். பேயஸ் முறை, காலத்தொடர் எல்லாம் இன்னொரு நாள். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2005 முதல் வானியலாளர்களுக்குப் புள்ளியியல் கற்பிப்பதற்கென்றே கோடைப் பள்ளி நடத்தி வருகிறது. நம் ஜவ்வாது மலைக் காவலூர் வான்நோக்ககத்திலும் இத்தகைய வகுப்புகள் நடந்திருக்கின்றன. நம் கல்லூரி ஆய்வகங்களிலும் 'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதும் பிள்ளைகள், எவ்வளவு இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதையும் பக்கத்தில் குறித்து வைத்தால் நன்றாக இருக்கும். ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், இந்தப் பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.