பேணுபவரைப் பேணுதல்



ஒரு வீட்டில் ஒருவர் நோயுற்றுக் கிடந்தால், பார்க்க வருவோர் எல்லாரும் நோயாளியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். "இரவு தூங்கினாரா? கஞ்சி குடித்தாரா?" என்கிறார்கள். கஞ்சி காய்ச்சியவர் தூங்கினாரா என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் நீங்களும் ஒருவராக வேண்டும் என்று சொல்லவே இன்று பேச வந்தேன்.

நான் கல்லூரியில் படித்த நாளில் எங்கள் பாட்டியாருக்கு மறதி நோய் கண்டது. டிமென்ஷியா என மருத்துவர்கள் கூறும் இது, முதுமையில் எவர்க்கும் வரும் மறதி அன்று. மூளை சிறிது சிறிதாகக் கெடுவதால் உண்டாவது. பேரன் பெயர் சட்டென நாவில் வராதது மூப்பு. பெற்ற மகனையே அயலான் என்று அஞ்சுவது நோய்.

விளக்கு வைத்ததும் பாட்டியார் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, "என்னை வீட்டுக்கு அனுப்பு" என்பார். அவர் அறுபது ஆண்டு வாழ்ந்த வீடே அது. "காலையில் போகலாம், அத்தை" என்பார் என் தாயார். சற்று நேரத்தில் மீண்டும் அதே கேள்வி, அதே விடை. நள்ளிரவு வரையில் அது நடக்கும். நானோ அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்நாளில் காய் நறுக்கும்போது தாயாரின் விரலில் அரிவாள்மனை பட்டுவிட்டது. சிறிய வெட்டுத்தான், ஆனால் ஆற நெடுநாள் ஆயிற்று. "ஓயாமல் தண்ணீரில் கை வைத்தால் எப்படி ஆறும்?" என்று நாங்கள் சொல்லிவிட்டோம்.

பல ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தபோது அந்த விரல் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானிஸ் கீகோல்ட்-கிளேசர் என்னும் உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அதனை 1995-இல் வெளியிட்டனர். மறதி நோயுற்ற உறவினரைப் பேணிவந்த பெண்கள் 13 பேர். வயதிலும் வருவாயிலும் அவர்களை ஒத்த, அப்பொறுப்பு இல்லாத பெண்கள் 13 பேர். எல்லாருடைய கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவில் ஒரே விதமான சிறு காயம் செய்து, அது ஆறும் நாளைக் கணக்கிட்டனர். பேணுந் தொழிலில் இருந்தவர்களின் காயம் ஆற ஏறத்தாழ 9 நாள் கூடுதலாக ஆயிற்று. இடைவிடாத மனச்சுமை உடலின் எதிர்ப்பாற்றலையே தளர்த்திவிடுகிறது என்பதை இது காட்டிற்று.

என் தாயாரின் விரல் ஆறாமைக்கு இதுவே காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். தண்ணீரும் காரணமாக இருக்கலாம். ஆயினும் ஓர் உண்மை விளங்கிற்று. பேணுவோரின் சோர்வு அன்பின் குறைவு அன்று. உடம்பிலே காணத்தக்க பொருள் அது. "பெரியவர்களுக்குச் செய்ய அலுப்பா?" என்று ஊர் கேட்குமே என அஞ்சி அவர்கள் வாய் திறவாதிருக்கிறார்கள். தூக்கம் கெடுகிறது, மனம் தளர்கிறது, தமக்குரிய மருந்தை உண்ணவும் நேரமில்லாமற் போகிறது.

இதற்கு மாற்று உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி மிட்டல்மன் என்பாரும் அவர் குழுவினரும், அல்சைமர் நோயுற்ற கணவரையோ மனைவியையோ பேணிய 406 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 2006-இல் வெளியிட்டனர். ஒரு பகுதியினருக்கு ஆலோசனை கூறினர். குடும்பத்தார் மற்றவரையும் உடன் அமர்த்திப் பேசினர். வேண்டியபோது தொலைபேசியிலும் துணை நின்றனர். வழக்கமான உதவி மட்டுமே பெற்றவர்களைவிட இவர்கள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கூடுதலாக நோயாளியை வீட்டிலேயே வைத்துக் காக்க முடிந்தது. அவர்களுக்குக் கிடைத்தது புதிய மருந்து அன்று. தனிமை நீங்கியது, அவ்வளவே.

நம் நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவருள் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. உங்கள் தெருவிலும் அத்தகைய வீடு ஒன்று இருக்கக்கூடும். அது உங்கள் வீடாகவே இருக்கவும் கூடும். "உதவி வேண்டுமா?" என்று கேளாதீர்கள், வேண்டாம் என்றே விடை வரும். "மாலை 5 மணி முதல் 6 மணி வரை பாட்டியோடு நான் இருக்கிறேன்" என்று சொல்லிப் போய் உட்காருங்கள். அவர் தவறாகச் சொல்வதைத் திருத்த வேண்டா. பழைய பாட்டைப் பாடச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரம் அன்னையார் உறங்கட்டும், கோயிலுக்குப் போகட்டும், தம் உடம்பை மருத்துவரிடம் காட்டி வரட்டும்.

அவ்வாண்டு நான் தேர்வில் தேறினேன். ஆனால் கதவைத் திறந்து, "அம்மா, நீ போய்ப் படு, பாட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் சொல்லுங்கள்.