ஒரு குடும்பம், இரு பத்திரிகைகள்
(இனயத்தில் நடைபெற்ற வெள்ளி விழாக் கூட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பெரியார் ஒருவரது வரலாற்றைக் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். தனியொருவரை விடுத்து, பத்திரிகாசிரியர் ஒருவரின் குடும்ப வரலாற்றைக் கூற விழைகிறேன். அவர் பண்டித அயோத்திதாசர்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். துரை வீட்டுச் சமையலறையைக் கவனித்த அம்மனிதரின் இல்லத்தில் திருக்குறள் ஏட்டுச்சுவடி இருந்தது. அதனை அவர் துரையின் வாயிலாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பேரனே எழுதியிருக்கிறார். நம் முன்னோர் எழுத்தறியாதவர் என்று பாடம் படித்தே நாம் வளர்ந்தோம். பட்லர் வீட்டில் ஏடு எங்ஙனம் வந்தது என்று எவரும் வினவியதில்லை.

1845ஆம் ஆண்டு பிறந்த பேரனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே பின்னர் அவர் தம் பெயராக ஏற்றார். ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு அதைவிடப் பெரிய குருதட்சணை தோன்றவில்லை.

அவர் மணந்த தனலட்சுமி அம்மையார், இரட்டைமலை சீனிவாசனாரின் உடன்பிறந்தவர். இம்மைத்துனரும் பத்திரிகாசிரியரே. இங்கேதான் குடும்ப வரலாறு நம் வரலாறாகிறது. 1893ஆம் ஆண்டு சீனிவாசனார் நான்கு பக்கங்களில் ஓர் இதழ் தொடங்கினார். எந்தச் சொல்லைச் சொல்லி ஊரார் இழித்தார்களோ, அதனையே முகப்பில் பொறித்து, 'பறையன்' என்று பெயரிட்டார். தன் பெயரைச் சொல்ல அஞ்சுகிறவன் உரிமை கேட்க முடியாது என்பது அவர் கருத்து. பண்டிதரோ அப்பெயரை ஏற்கவே இல்லை. அது பகைவர் சூட்டிய பெயர், நாம் பூர்வ பௌத்தர் என்றார். 1907 ஜூன் 19 புதன்கிழமை சென்னை இராயப்பேட்டையிலிருந்து அவர் வெளியிட்ட வார இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று.

ஒரே குடும்பத்தில், பெண் கொடுத்த வீட்டிலும் பெண் எடுத்த வீட்டிலும், இவ்விரு பெயர்கள்! பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் சாதியை எழுதும் வேளையில் பெற்றோர் குரலைத் தாழ்த்துவதை ஆண்டுதோறும் காண்கிறேன். என் மனம் பண்டிதர் பக்கமே சாய்கிறது. ஆயினும் அவ்விடத்தை வெறுமையாக விட்டால் பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது என்று எடுத்துரைத்து எழுதச் செய்கிறேன். அந்நேரத்தில் நான் சீனிவாசனார் கட்சி. தாய்மார்களே, அச்சொல்லை உரக்கவே சொல்லுங்கள். அருகில் நிற்கும் பிள்ளை உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதே 1907இல்தான், இனயத்தையும் உள்ளடக்கிய அன்றைய திருவிதாங்கூரில், அய்யன்காளி சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தோற்றுவித்தார். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறக்க வேண்டும் என்பது அவருடைய போராட்டம். அங்கே ஏடு, இங்கே பள்ளி.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் இதழைச் சிறிது காலம் நடத்தினார். பின்னர் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர் நடுவே, அப்பாத்துரையார் அதனை மீண்டும் எழுப்பினார். பெற்ற மகனுக்கும் பெறாத மகனுக்கும் அவ்விதழ் சமமாகவே உரிமையாயிற்று.

பழைய 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றோர் பல்லாண்டு பேணிக் காத்தனர். ஞான அலாய்சியஸ் தொகுத்த பண்டிதரின் எழுத்துகள், 1999இல் நமக்கு அண்மையிலுள்ள பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியிலிருந்து நூலாக வெளிவந்தன. அத்தொகுதிகளை நம் சங்க நூலகத்தில் வாங்கி வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனார் காலத்துப் பத்திரமோ, நோட்டோ, ஏடோ இருந்தால், அடுப்பெரிக்கும் முன் ஒருமுறை பள்ளிக்கு எடுத்து வாருங்கள். அமர்ந்து படித்துப் பார்ப்போம்.