ஏரிக் காற்று



கடலுக்கு அஞ்சுவோர் பலர். ஏரிக்கு அஞ்சுவோர் அரியர். நானும் அவ்வாறே இறுமாந்திருந்தவன்தான். ஹாலந்து நாட்டின் ஐஸல்மேர் ஏரியில் ஒரு பிற்பகலில் அவ்விறுமாப்பை இழந்தேன்.

அது பிறவியில் ஏரியன்று; ஸைடர் ஸே என்னும் கடற்கழியாக இருந்தது. 1932ஆம் ஆண்டில் டச்சுக்காரர்கள் 32 கிலோமீட்டர் நீளமுள்ள அணையால் கடலை வெளியே நிறுத்தினர். ஆற்றுநீர் நாளடைவில் உப்பைக் கழுவ, கழி நன்னீராயிற்று. இன்று பரப்பு ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர்; சராசரி ஆழமோ நான்கைந்து மீட்டரே. ஆபத்தின் வேர் இவ்வாழக் குறைவில்தான் இருக்கிறது. ஆழ்கடல் அலை நீண்டது; படகு ஏறி இறங்க அவகாசம் தரும். இங்கே அலை குட்டையாய், செங்குத்தாய், ஒன்றன் முதுகில் ஒன்றாக வரும். ஓர் அலையிலிருந்து அணியம் நிமிருமுன் அடுத்தது அறைந்துவிடும்.

என்க்ஹைஸன் துறையிலிருந்து வடக்கே ஸ்டாவொரனுக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 20 கிலோமீட்டர். படகு எட்டு மீட்டர் நீளம். அதற்குரியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பாதிக்கு மேல் கடந்தபின் காற்று அடியோடு நின்றது. வடமேற்கில் கருமுகில் சுவரென எழுந்தது. பெரியவர் உடனே முன்பாயை இறக்கினார். பெரும்பாயை இருமுறை சுருக்கிக் கட்டினார். காற்றே இல்லாதபோது பாயைக் குறைப்பானேன் என்று உள்ளூர நகைத்தேன். காற்றின் வேகம் இருமடங்கானால் பாயின்மீது அதன் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை ஏட்டில் படித்தவன்தான் நான். படித்தென்ன?

காற்று அறைந்தது. படகு பக்கவாட்டில் சாய்ந்து, விளிம்பு நீருள் அமிழ்ந்தது. மழையினூடே ஸ்டாவொரனின் விளக்கு தெரிந்தது.

"துறை இதோ தெரிகிறதே ஐயா!" என்று கூவினேன்.

"அதற்குத் தெற்கே மணல்மேடு இருக்கிறது. இக்காற்று நம்மை அதன்மேல்தான் தள்ளும்" என்றார்.

ஃப்ரோவஸாண்ட் என்பது அம்மேட்டின் பெயர். செருக்குற்ற வணிகப் பெண்ணொருத்தி கடலில் கொட்டிய தானியத்தால் விளைந்ததென்று அவ்வூரார் கதை சொல்வர். கதை எவ்வாறாயினும் மணல் மெய்.

சுக்கானைத் திருப்பினார். கண்ணெதிரே தெரிந்த விளக்கைப் பின்னே விட்டு, வந்த வழியே இருளில் ஓடினோம். அவர் கை சுக்கானை விட்டு அகலவில்லை. நான் வாளியால் நீரை இறைத்தவண்ணம் இருந்தேன். நள்ளிரவில் என்க்ஹைஸன் வந்து சேர்ந்தோம்.

காலையில் ஏரி குளம்போல் கிடந்தது. பெரியவர் பாயை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். ஸ்டாவொரன் ஊரை நான் இன்றளவும் கண்டதில்லை.