பன்னெண்டு பாயிண்ட், ஆறு மணி நேரம்

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு வார்த்தையைப் பத்தி. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கணக்குத் தகராறைச் சொல்லணும்.

கொஞ்ச நாள் முன்னாடி அம்மாவைக் கூட்டிக்கிட்டு கொடைக்கானல் போனேன். மதுரையில பஸ் ஏறி, வத்தலக்குண்டு தாண்டி, காட் ரோடு வளைவுல அம்மா ரெண்டு எலுமிச்சம்பழத்தை மோந்து மோந்தே மேல வந்து சேர்ந்தாங்க. பஸ் ஸ்டாண்டுல கால் வைக்கிறதுக்குள்ள ஒரு டாக்ஸி அண்ணன் லேமினேட் பண்ணின அட்டையை நீட்டிட்டார். "பன்னெண்டு பாயிண்ட் தம்பி. ஆறு மணி நேரம்."

அம்மா அட்டையை வாங்கி விரல் வச்சு எண்ணினாங்க. கடைசி வரியில சில்வர் கேஸ்கேட். "இது வர்ற வழியில இருக்கிற அருவிதானே? பஸ்லயே பாத்தாச்சே. பதினொண்ணுக்குத்தான் காசு."

அண்ணன் சிரிச்சார். "பஸ்ல பாத்தா அது பாயிண்ட் ஆகாதும்மா. இறங்கிப் பாத்தாத்தான் பாயிண்ட்."

அம்மாகிட்ட பதில் இல்லை. எனக்கு அந்த வரி அன்னைக்கு முழுக்க மண்டையில ஓடிக்கிட்டே இருந்துச்சு. இறங்கிப் பாத்தாத்தான் பாயிண்ட். அப்போ பாயிண்ட்னா என்ன?

யோசிச்சுப் பாருங்க, இந்த வார்த்தையை நம்ம எத்தனை விதமா புழங்குறோம்னு. வீட்டுக்கு வயரிங் பண்ண வர்றவர் "மொத்தம் எத்தனை பாயிண்ட் சார்?"னு கேட்பார், ஒரு பாயிண்ட்டுக்கு இவ்வளவுன்னு கூலி பேசுவார். ஆம்னி பஸ்ல போர்டிங் பாயிண்ட். அரசு பஸ்ல நடுவுல எங்கேயும் நிக்காம போனா பாயிண்ட் டு பாயிண்ட். டிராபிக் போலீஸ்காரருக்கு பாயிண்ட் டியூட்டி. கபடியில பாயிண்ட். வாய்க்கா தகராறுல ஒருத்தர் சரியா மடக்கிட்டா, சுத்தி நிக்கிறவங்க "பாயிண்டைப் பிடிச்சிட்டாருய்யா"ம்பாங்க. ஆபீஸ்ல பவர்பாயிண்ட். இதுல பாதியை நம்ம யாரும் இங்கிலீஷ்னு நினைச்சுச் சொல்றதில்லை. வயரிங்காரர் சொல்ற பாயிண்டும் வக்கீல் பிடிக்கிற பாயிண்டும் ஒரே வார்த்தைன்னு கூட நமக்குத் தோணாது.

மூலம் லத்தீன். குத்துறதுன்னு அர்த்தம் வர்ற ஒரு வினைச்சொல். குத்தினா விழுற துளை, அந்தத் துளை மாதிரி தெரியுற சின்னப் புள்ளி, அப்புறம் குத்துற முனை. பிரெஞ்சுல புள்ளிக்கு ஒண்ணு, முனைக்கு ஒண்ணுன்னு ரெண்டு வார்த்தையா இருந்தது, இங்கிலீஷுக்கு வந்ததும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. அதனாலதான் டெசிமல் பாயிண்டும் பாயிண்ட், பென்சில் முனையும் பாயிண்ட், கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கிற நிலமும் பாயிண்ட். நம்ம கோடியக்கரையை வெள்ளைக்காரன் பாயிண்ட் கலிமர்னு எழுதினது இந்தக் கடைசி அர்த்தத்துல. யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை பாயிண்ட் பெட்ரோ ஆனதும் அப்படித்தான்.

இந்தக் குடும்பத்துல ஒரு ஆள் நம்ம ஊர் ரோட்டோரத்துலயே உக்காந்திருக்கார். பஞ்சர். டயர்ல முள்ளு குத்தினா பஞ்சர், அதே குத்துற வேர்ச்சொல்தான். அப்பாயின்ட்மென்ட், நேரத்துக்கு வர்ற பங்க்சுவல், எல்லாம் சொந்தக்காரங்க. டிஸப்பாயின்ட்மென்ட் இன்னும் சுவாரஸ்யம்: ஆரம்பத்துல அதுக்கு அர்த்தம், கொடுத்த பதவியைப் பிடுங்குறது. வருத்தமெல்லாம் அப்புறம் வந்ததுதான்.

தமிழ் இந்த ரெண்டையும் கலக்கவே இல்லை. புள்ளி வேற, முனை வேற. அதனால வியூ பாயிண்ட்டைத் தமிழாக்கினவங்க சரியா "காட்சி முனை"ன்னு போட்டாங்க, காட்சிப் புள்ளின்னு போடலை. மலை வந்து முடியுற விளிம்புல நிக்கிறோம் இல்லையா, அது முனைதான். புள்ளிக்கு வேற வேலைகள் இருக்கு. கோலத்துக்குப் புள்ளி, க்-மேல வைக்கிற புள்ளி, ஊர்ல "பெரிய புள்ளி". ஒரு மனுஷனைப் புள்ளின்னு சொல்ற மொழி வேற எங்கேயும் இருக்கான்னு யாராவது ஆராய்ச்சி பண்ணுங்கப்பா.

சரி, கொடைக்கானலுக்கு வருவோம். ஊரே வெள்ளைக்காரங்க கட்டினது, அதனால பேர்களும் அவங்களோடது. 1863-ல மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். 1872-ல லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்புல ஒரு நடைபாதை போட்டார், அது கோக்கர்ஸ் வாக். பேரிஜம் போற வழியில மோயர் பாயிண்ட், மெட்ராஸ் மாகாண அதிகாரி ஒருத்தர் பேருல. இதெல்லாம் மாறாத பேர்கள்னு நினைப்போம். ஆனா தூண் பாறைக்குப் பக்கத்துல இருக்கிற குகையைப் பாருங்க. டெவில்ஸ் கிச்சன்னு பேர். 1991-ல கமல் படம் ஒண்ணு வந்துச்சு, அன்னையிலிருந்து அது குணா குகை. அரசாணை இல்லை, ஜனங்களே மாத்திட்டாங்க. 2024-ல மஞ்சும்மல் பாய்ஸ் வந்த பிறகு அட்டையில அதுக்குத்தான் முதல் இடம்.

அதே மலையில இன்னொரு இடத்துக்கும் பேர் மாத்தினாங்க. போர்டுல இப்போ கிரீன் வேலி வியூ, தமிழ்ல பசுமைப் பள்ளத்தாக்கு. மேகம் இல்லாத நாள்ல அங்கேயிருந்து வைகை அணை தெரியும். பழைய பேரு உங்க எல்லாருக்கும் தெரியும், அதுவும் "பாயிண்ட்"லதான் முடியும். அதை நான் சொல்லப் போறதில்லை. ரீல்ஸ்ல இன்னும் அந்தப் பேரைத்தான் டைட்டிலா வைக்கிறாங்க, பேய் மியூசிக் வேற. சினிமா மாத்தின பேர் ஒட்டிக்கிச்சு, அரசாங்கம் மாத்தின பேர் ஒட்டலை.

ஏன்? நான் யோசிச்சது இது. பாயிண்ட்ங்கிறது இங்கிலீஷ்ல பெயர்ச்சொல் மட்டுமில்லை. விரலை நீட்டிச் சுட்டுறதும் அதே வார்த்தைதான். ஒரு இடத்துக்கு முன்னாடி ஒரு செயலோட பேரை வச்சு, பின்னாடி பாயிண்ட்னு போட்டா, அது "இந்த இடம் இதுக்குத்தான்"னு விரல் நீட்டுற மாதிரி ஆகிடுது. டீ பாயிண்ட்னா டீ குடிக்கிற இடம், பார்க்கிங் பாயிண்ட்னா வண்டி நிறுத்துற இடம். அதே இலக்கணம் இங்கேயும் வேலை செய்யும். உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்ற வழிகாட்டுதல்ல, இந்த மாதிரிச் செய்தியில இடத்தைப் பத்தி விவரம் கொடுக்காதீங்கன்னு இருக்கு. நம்ம அதைச் சுற்றுலாப் பட்டியல்லயே போட்டு வச்சிருந்தோம்.

டாக்ஸி அண்ணன் அந்தப் பழைய பேரைச் சொல்லவே இல்லை. பின் சீட்டுல நான்தான் எதையோ கேட்கப் போய் வாய் தவறிச் சொல்லிட்டேன். அவர் கண்ணாடியில என்னைப் பாத்தார். "கிரீன் வேலின்னு சொல்லுங்க தம்பி. இங்கேயே பொறந்து வளந்தவங்களுக்கு அது சும்மா பேர் இல்லை." அப்புறம் ரொம்ப நேரம் பேசலை. எனக்கு முகத்தை எங்கே வச்சுக்கிறதுன்னே தெரியலை. (இதைக் கேட்கிற யாருக்காவது மனசு பாரமா இருந்தா, 14416, டெலி மானஸ். எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழ்லயே பேசலாம்.)

ரெண்டு மணிக்குச் சாப்பிட நிறுத்தினோம். பருப்பு சரியா வேகலை. அம்மா முகம் சுளிச்சாங்க. நான் பெரிய அறிவாளி மாதிரி ஆரம்பிச்சேன்: இங்கே பாய்லிங் பாயிண்ட் கம்மி, கிட்டத்தட்ட ஏழாயிரம் அடி உயரம், தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சிடும், அதுக்கு மேல எவ்வளவு தீ வச்சாலும் சூடு ஏறாது. அம்மா, "அதுக்குத்தானேடா குக்கர் கண்டுபிடிச்சாங்க"ன்னாங்க. பாயிண்ட்டைப் பிடிச்சுட்டாங்க.

இப்போ என் வேலைக்கு வர்றேன், ஏன்னா அண்ணனோட அட்டையைப் பாத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். சாப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு ஸ்டோரி பாயிண்ட் தெரியும். மத்தவங்களுக்கு: ஒரு வேலை எவ்வளவு கஷ்டம்னு டீமா உக்காந்து குத்துமதிப்பா ஒரு நம்பர் போடுறது. மூணு பாயிண்ட் வேலை, எட்டு பாயிண்ட் வேலை. அது வெறும் மதிப்பீடு, அவ்வளவுதான். நான் முன்னாடி இருந்த ஒரு டீம்ல அது மெல்ல இலக்காச்சு. இந்த ஸ்பிரிண்ட்ல நாப்பது பாயிண்ட் முடிச்சீங்களா? முடிச்சோம். எப்படி? மூணு பாயிண்ட் வேலைக்கு அஞ்சுன்னு போட்டோம். கஸ்டமருக்கு உண்மையா வலிச்ச ஒரு பழைய பிரச்சனைக்கு யாரும் பாயிண்ட் போடலை, அதனால அதை யாரும் தொடலை. எட்டு மாசம் அப்படியே கிடந்துச்சு. நானும் தொடலை, அதையும் சொல்லிடறேன்.

மலையிலயும் அதேதான் நடக்குது. அட்டையில இருக்கிறதுக்குத்தான் கூட்டம். 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கும் இ-பாஸ் வந்துச்சு, சென்னை உயர்நீதிமன்றம் சொல்லி. 2025 ஏப்ரல்ல கொடைக்கு வார நாள்ல 4000 வண்டி, வாரக் கடைசியில 6000னு வரம்பும் வச்சாங்க. சரி, அந்த 6000 வண்டியும் மலை முழுக்கப் பரவியா போகுது? எல்லாம் அதே சுத்துப் பாதையில, அதே பார்க்கிங்ல, அதே கம்பி வேலிக்குப் பின்னாடி. ரெண்டு பாயிண்ட்டுக்கு நடுவுல இருக்கிற சோலைக்காட்டை யாரும் எண்ணுறதில்லை. அந்தச் சோலையும் மேல இருக்கிற புல்வெளியும் பிடிச்சு வச்சு விடுற தண்ணிதான் கீழே ஓடையா வருது. அதுக்கு அட்டையில வரி கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட பைன் மரக்காட்டுக்கு இருக்கு. அங்கே போட்டோ நல்லா வரும்.

இதுக்கு அண்ணனைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. அவர்கிட்ட கேட்டேன், ஏண்ணே, நாலு இடம் மட்டும் நிதானமா காட்டலாமேன்னு. "நாலுன்னு அட்டையில போட்டா நீங்க என் வண்டியில ஏறுவீங்களா? பக்கத்து வண்டிக்காரன் பதினாலுன்னு போட்டிருப்பான்." உண்மை. நானே ஆப்ல ரெண்டு பேக்கேஜை வச்சுக்கிட்டு எதுல பாயிண்ட் அதிகம்னுதான் பாத்தேன்.

இதே ஊர்ல நேரெதிரா ஒரு கூட்டம் இருக்கு. சூரிய ஆய்வகம். மெட்ராஸ்லேருந்து கொடைக்கு மாறி நூத்தி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அங்கே ஜான் எவர்ஷெட்னு ஒருத்தர் 1909-ல, சூரியனோட கரும்புள்ளியில வாயு எந்தத் திசையில நகருதுன்னு கண்டுபிடிச்சார். இன்னைக்கும் எல்லாப் பாடப் புத்தகத்துலயும் அது எவர்ஷெட் விளைவு. ஒரே ஒரு புள்ளி. மேகம் விலகுற ஒவ்வொரு நாளும் அதே சூரியனைப் படம் எடுத்து, தலைமுறை தலைமுறையா அடுக்கி வச்சிருக்காங்க. எங்களுக்கு அந்த வாசல்ல கிடைச்சது பத்து நிமிஷம். "அடுத்த பாயிண்ட் மூடிருவாங்க தம்பி."

கடைசி பாயிண்ட் அப்பர் லேக் வியூ. மேலேயிருந்து ஏரி முழுசா தெரியணும். நாங்க போனப்போ மூடுபனி ஏறிடுச்சு. வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியலை. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு இருபது பேர் அந்த வெள்ளையை போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

அம்மா அண்ணனைத் திரும்பிப் பாத்தாங்க. "இது கணக்குல சேருமா?"

"சேரும்மா. இறங்கிட்டீங்கள்ல?"

மறுநாள் வண்டி வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க. லோக்கல் பஸ் பிடிச்சு பூம்பாறை போனோம். படிக்கட்டு மாதிரி வயல், குழந்தை வேலப்பர் கோயில், தெருவெல்லாம் பூண்டு வாசனை. ரெண்டு கிலோ மலைப்பூண்டு வாங்கினோம், புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. பூண்டு விக்கிற அக்காவும் அம்மாவும் மருமகள்களைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினாங்க. எனக்குக் கல்யாணமே ஆகலை, இருந்தாலும் பேசினாங்க. நான் கோயில் திண்ணையில தூங்கிட்டேன். திரும்பி வர்ற பஸ் எதிர்ப்புற வளைவுல நின்னப்போ பாத்தா, அங்கே ரெண்டு டூரிஸ்ட் வேன் நிக்குது, இறங்கினவங்க பூம்பாறையைத் தூரத்துலேருந்தே போட்டோ எடுத்துட்டு ஏறிக்கிட்டு இருக்காங்க. அதுவும் இப்போ ஒரு பாயிண்ட்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் கழிச்சு எதிர்வீட்டு அத்தை கேட்டாங்க, கொடைக்கானல்ல என்னென்ன பாத்தீங்கன்னு. நான் போனை எடுத்து போட்டோ காட்டலாம்னு வர்றதுக்குள்ள அம்மா ஒரு முழுப் பூண்டை அவங்க கையில வச்சு, "மோந்து பாரேன்"னாங்க.