அத்தா இருக்கும் ஊரைத் தொட்டுக் காட்டு
(மாலை நேரப் பாட வகுப்பின் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "யார் வீட்டில் சபுராளி இருக்கிறார்?" என்று ஒரு நாள் கேட்டோம். பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். உலக வரைபடத்தை மாட்டி, "அத்தா இருக்கும் ஊரைத் தொட்டுக் காட்டுங்கள்" என்றோம். ரியாத்தைத் தேடிய ஒரு விரல் ஆப்பிரிக்காவில் போய் நின்றது. எல்லோரும் சிரித்தோம். பிறகுதான் உறைத்தது: தவறு பிள்ளையுடையது அல்ல. அத்தா அனுப்பும் பணத்தைப் பற்றி வீட்டில் பேசுகிறோம். அவர் வாழும் நாட்டைப் பற்றிப் பேசுவதில்லை.

நம் முன்னோர் கடல் கடந்தவர்கள். பினாங்கில் 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் 1830-இல் கட்டி முடிந்த நாகூர் தர்காவும் அவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்கள். போகும் ஊரின் மொழியும் சட்டமும் சந்தையும் அறியாமல் அவர்கள் அங்கே வேரூன்றியிருக்க முடியாது.

இன்று அறியாமைக்கு விலை அதிகம். தாய்லாந்தில் கணினி வேலை, நல்ல சம்பளம் என்று நம்பிப் போன இந்திய இளைஞர்கள் பலர், எல்லை தாண்டி மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைபட்டார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. "சுற்றுலா விசாவில் போய் வேலை பார்க்கலாமா?" என்ற ஒரு கேள்வியைப் புறப்படும் முன்பே கேட்கத் தெரிந்திருந்தால், எத்தனை தாய்மாரின் கண்ணீர் மிஞ்சியிருக்கும்!

பத்தாம் வகுப்பு முடிக்காதவரின் கடவுச்சீட்டு பொதுவாக 'இ.சி.ஆர்.' வகையைச் சேர்ந்தது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அதில் வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இது தொல்லை அல்ல, பாதுகாப்பு. ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' தளத்தில் பார்க்கலாம். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.

வேலைக்காக மட்டுமல்ல. முஸ்லிம் நாடு என்றால் அரபு நாடு என்றே நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அதிக முஸ்லிம்கள் வாழும் நாடு இந்தோனேசியா என்றதும் வியந்தார்கள். மனிதரைப் பல சமூகங்களாகப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளத்தான் என்று ஸூரா ஹுஜுராத் நமக்கு உணர்த்துகிறது. அறியாதவரைப் பற்றித்தான் வதந்தி எளிதில் பரவும்.

வீட்டில் மூன்று காரியம் செய்வோம். சுவரில் ஓர் உலகப் படம் மாட்டுவோம். அத்தா பேசும்போது, "உங்கள் அறையில் எந்தெந்த நாட்டுக்காரர் இருக்கிறார்கள்? அவர்கள் வீட்டில் என்ன சமைப்பார்கள்?" என்று பிள்ளையைக் கேட்கச் சொல்வோம். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அனுப்பும் முன், எந்த நாடு, எந்த நாள், யார் சொன்னது என்று பார்க்கப் பழக்குவோம். ஆண்பிள்ளைக்கு மட்டுமல்ல, பெண்பிள்ளைக்கும்தான்.

ரியாத்தைத் தேடிய அந்தப் பிள்ளை இப்போது, "இங்கே மணி எட்டு என்றால் அத்தாவுக்கு ஐந்தரை, இன்னும் வேலையில் இருப்பார்" என்று உம்மாவிடம் சொல்கிறானாம். அத்தாவின் உழைப்பு அவனுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.