கையும் ஏடும்
(பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



நூலகமும் குழந்தைகளும் என்னும் பொருளில் சில சொல்ல விழைகிறேன்.

அருங்காட்சியகம் என்றதும் ‘தொடாதீர்’ என்னும் பலகையும், நூலகம் என்றதும் ‘அமைதி காக்க’ என்னும் பலகையும் நம் நினைவிற்கு வருகின்றன. இரண்டும் குழந்தையின் இயல்புக்கு மாறானவை. 1899இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், குழந்தைகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் தோன்றியது. அந்த வழியில் வந்த பிட்ஸ்பர்க் குழந்தைகள் அருங்காட்சியகம் 2011இல் ஒரு பட்டறையையே தன்னுள் அமைத்தது. அங்கே மரவேலையும் தையலும் நெசவும் மின்சுற்று வேலையும் மெய்யான கருவிகளைக் கொண்டே நடைபெறுகின்றன. அதே காலத்தில் அமெரிக்கப் பொது நூலகங்களும் இத்தகைய கூடங்களுக்கு இடமளிக்கத் தொடங்கின. நம் நாட்டுப் பள்ளிகளில் 2016 முதல் அடல் ஆய்வகங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன.

‘நூலகத்திற்கு இது பொருந்துமா?’ என்று கேட்கலாம். நம் மொழி இதற்கு முன்பே விடை சொல்லியிருக்கிறது. நூல் என்பது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். யாப்பு என்பதற்குக் கட்டுதல் என்பதே பொருள். கைத்தொழிலிலிருந்தே புலமைக்குச் சொல் வந்திருக்கிறது.

‘பொருள் வேண்டாவா?’ என்பது அடுத்த கேள்வி. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியிலேயே நூலகத்தை ஊர்களுக்கு அனுப்பினார். நூலகத் தந்தை எஸ்.ஆர். அரங்கநாதன் அதனைத் தொடங்கி வைத்தார். அந்த நாளில் கைக்கு எட்டியது மாட்டுவண்டி. நாஞ்சில் நாட்டில் நம் கைக்கு எட்டுவது பனையோலை. ஏடாகி நம் இலக்கியத்தைக் காத்ததும் அதுவே. காற்றாடியாகவும் கிலுகிலுப்பையாகவும் குழந்தையின் கையில் ஆடியதும் அதுவே.

கவிஞர்களே, இங்கே உங்களுக்கும் ஓர் இழப்பு காத்திருக்கிறது. கடவம், சுளகு, ஈர்க்கு, குருத்தோலை, முடைதல் ஆகிய சொற்களை அகராதி காக்கும். ஆனால் அவற்றின் உயிரைக் காக்க அகராதியால் இயலாது. ஈர்க்கைக் கிழித்தறியாத தலைமுறைக்கு ஈர்க்கு என்பது வெறும் ஒலி. தேரூரில் பிறந்த கவிமணி குழந்தைகளுக்குப் பாடல்கள் தந்தார். அத்தகைய பாடல்களை நாளை எழுத முனைவோர்க்குச் சொல்லும் வேண்டும். அச்சொல்லைத் தொட்டுணர்ந்த குழந்தையும் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். கிளை நூலகம் ஒன்றின் இசைவைப் பெற்று, மாதம் ஒரு ஞாயிறு முற்பகலை நம் வட்டம் ஏற்கட்டும். ஓலை முடையும் அம்மையார் ஒருவரை ஆசிரியராக அழைப்போம். ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் அளிப்போம். அருகில் பனை பற்றிய நூல்கள் இருக்கட்டும். குழந்தை முதலில் முடையட்டும், பிறகு படிக்கட்டும், விரும்பினால் தான் செய்ததைப் பற்றி நான்கு வரி எழுதட்டும். அன்று மட்டும் ‘அமைதி காக்க’ என்னும் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்போம்.

கடந்த பத்தாண்டுகளில் நாம் கவிதைகளைக் கேட்டோம். வரும் பத்தாண்டுகளில் கவிதை பிறக்கும் கைகளையும் வளர்ப்போம்.